பொகொட்டா பழைய நகரை நடந்து பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

கொலம்பியாவின் தலைநகரம் பொகொட்டா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே பலர் மொன்செர்ராதே மலைக்கு ஏறிவிடுகிறார்கள். அது 3,152 மீட்டர். மதியம் பழைய நகரை ஓட்டமாக ஓடிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் தலைவலியோடு படுத்துவிடுகிறார்கள். வரிசையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். முதல் நாள் வழிகாட்டியோடு பழைய நகரில் அரை நாள் நடை, அடுத்த நாள் தங்க அருங்காட்சியகம், மலை மூன்றாம் நாளில். கீழே உள்ள படிகள் அந்த வரிசைக்கானவை.

படி 1: கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

தங்க அருங்காட்சியகம் (முசேயோ தெல் ஓரோ) திங்கட்கிழமை மூடியிருக்கும். பொத்தேரோ அருங்காட்சியகமும் மொன்செர்ராதே மலைக்கு நடந்து ஏறும் பாதையும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அதனால் திங்கள், செவ்வாய் இரண்டையும் தவிர்த்துவிட்டு புதன் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளை வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிறு அன்று தங்க அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது, கூட்டமும் அதற்கேற்றபடி இருக்கும். ஆனால் ஞாயிறுக்கு வேறொரு கவர்ச்சி உண்டு. காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை நகரின் பெரிய சாலைகளில் பல கிலோமீட்டருக்கு வண்டிகளை நிறுத்தி, சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டுவிடுவார்கள். 1974-இல் தொடங்கிய இந்த 'சிக்ளோவியா'வைப் பார்ப்பதற்காகவே ஒரு ஞாயிறு ஒதுக்கலாம்.

கொலம்பியாவில் பல அரசு விடுமுறைகளைத் திங்களுக்குத் தள்ளிவைப்பது வழக்கம். அந்த மாதிரி நீண்ட வாரக்கடைசியில் பழைய நகரத்தில் கடைகள் பாதி மூடியிருக்கும், மலையில் நிற்க இடமிருக்காது. தேதி போடுமுன் நாட்காட்டியைப் பாருங்கள்.

நேரம் காலைதான். மதியத்துக்கு மேல் மழை வரும் ஊர் இது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் இன்னும் அதிகம்.

படி 2: முகவரி படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்குப் பத்து நிமிடம் செலவழித்தால் பிறகு யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்காது. பொகொட்டாவில் 'காயே' என்றால் மலையிலிருந்து மேற்கே இறங்கும் தெரு. 'கரேரா' என்றால் அதைக் குறுக்காக வெட்டி, மலைக்கு இணையாக வடக்கு தெற்காகப் போகும் தெரு. காயே எண்கள் வடக்கே போகப் போக ஏறும். கரேரா எண்கள் மலையடிவாரத்தில் 1-இல் தொடங்கி மேற்கே ஏறும். மலை எப்போதும் கிழக்கில். தலையைத் தூக்கி மலை மேலுள்ள வெள்ளைத் தேவாலயத்தைப் பார்த்தால் திசை தெரிந்துவிடும்.

பொத்தேரோ அருங்காட்சியகத்தின் முகவரியை எடுத்துக்கொள்வோம்: காயே 11 # 4-41. காயே 11-இல், கரேரா 4 வெட்டும் முனையிலிருந்து கரேரா 5-ஐ நோக்கி ஏறத்தாழ 41 மீட்டர் என்று அர்த்தம். அதாவது முனையில் மலைக்கு முதுகைக் காட்டி நின்று, நாற்பது மீட்டர் இறங்கினால் வாசல். கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்பது தெருவின் எந்தப் பக்கம் என்று சொல்லும்.

இதில் சிக்கிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. நகரின் தெற்குப் பகுதியில் 'சூர்' என்ற ஒட்டுடன் அதே எண்கள் மறுபடி வரும். காயே 11 வேறு, காயே 11 சூர் வேறு. டாக்சி ஆப்பில் தவறாகத் தட்டினால் ஊரின் வேறு மூலையில் இறங்குவீர்கள். அடுத்தது, பழைய நகரில் 12-க்குப் பிறகு 12ஏ, 12பி, 12சி என்று எழுத்துகளும் வரும். பழைய வரைபடங்களில் எண்கள் வேறாக இருக்கும், அவற்றை நம்பாதீர்கள்.

படி 3: வழிகாட்டியைப் பிடியுங்கள்

முதல் நடை கட்டாயம் வழிகாட்டியோடு இருக்கட்டும். சுவரில் பதித்த ஒரு கல்லைத் தாண்டி நீங்கள் பேசாமல் போய்விடுவீர்கள். அந்த இடத்தில்தான் நாட்டின் தலைவிதி மாறியது என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

மூன்று வகை உண்டு. நகரச் சுற்றுலா நிறுவனமான இன்ஸ்தித்தூத்தோ திஸ்த்ரிதால் தெ தூரிஸ்மோவின் தகவல் மையங்களில் இலவச நடைகள் பற்றிக் கேட்கலாம். ஆங்கிலத்தில் எந்த நாளில் என்று முன்பே விசாரித்துவிடுங்கள். அடுத்தது 'இலவச நடை' என்று விளம்பரம் செய்யும் தனியார் குழுக்கள். பெயர்தான் இலவசம். வழிகாட்டிக்குச் சம்பளம் இல்லை, கடைசியில் நீங்கள் கொடுப்பதுதான் வருமானம். இரண்டரை மணி நேர நடைக்கு ஆளுக்குப் பத்து அமெரிக்க டாலர் மதிப்புள்ள பெசோவாவது கொடுப்பது நியாயம். பாதியில் நழுவுவதாக இருந்தாலும் கையில் கொடுத்துவிட்டு நழுவுங்கள். மூன்றாவது, உங்களுக்கு மட்டும் தனியாக வரும் வழிகாட்டி. முட்டி வலி உள்ளவர்கள், பெரியவர்கள், சிறு குழந்தைகள் கூட வந்தால் இதுதான் சரி. வேகம் உங்கள் கையில்.

கொலம்பியாவில் சுற்றுலா வழிகாட்டிக்குத் தொழில் அட்டை வேண்டும், நிறுவனத்துக்குத் தேசியச் சுற்றுலாப் பதிவு எண் வேண்டும். காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. சதுக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறவரிடம் அட்டை இல்லையென்றால் நன்றி சொல்லி நகருங்கள்.

பணத்தாள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புதிய தாள்களில் மூன்று பூஜ்ஜியத்துக்குப் பதிலாக 'மில்', அதாவது ஆயிரம், என்று அச்சிட்டிருப்பார்கள். '2 மில்' தாளும் '20 மில்' தாளும் அவசரத்தில் மாறிப்போகும். 50 ஆயிரம் தாளில் எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ் முகம் இருக்கும், அது உடனே அடையாளம் தெரியும். சில்லறைக்கு 10, 20 ஆயிரம் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: உடம்பும் பையும்

இரவில் 7, 8 டிகிரிக்கு இறங்கும், பகலில் 19 வரை ஏறும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். மெல்லிய மழைக்கோட்டு, ஒரு லிட்டர் தண்ணீர், வெயில் தடுப்புக் களிம்பு. குளிராக இருக்கிறதே என்று களிம்பை விட்டுவிடுகிறவர்கள்தான் சிவந்த மூக்கோடு திரும்புகிறார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், இவ்வளவு உயரத்தில், மேகத்துக்கு நடுவே வரும் வெயிலும் சுடும். பழைய நகரின் கல் பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும், வழவழப்பான அடி உள்ள செருப்பு வேண்டாம்.

முதல் இரண்டு நாள் மதுவைத் தள்ளிவையுங்கள். படி ஏறும்போது மூச்சு வாங்கினால் அது உங்கள் வயதோ எடையோ அல்ல, காற்றில் ஆக்சிஜன் குறைவு. உள்ளூர்க்காரர்களே இங்கே ஒரு தெருவுக்கு 'காயே தெ லா ஃபதீகா', களைப்புத் தெரு, என்று பெயர் வைத்தவர்கள்தானே.

போனை நடுத்தெருவில் நின்று நோண்டாதீர்கள். 'நோ தார் பப்பாயா' என்பார்கள் இங்கே. நேரடி அர்த்தம், பப்பாளியைக் கொடுக்காதே. திருடுகிறவனுக்கு நீயாக வாய்ப்பைக் கையில் கொடுக்காதே என்பது பொருள். வரைபடம் பார்க்க வேண்டுமென்றால் ஒரு கடைக்குள் நுழைந்து பாருங்கள். முன்பின் தெரியாதவர் நீட்டும் பானமோ தின்பண்டமோ வேண்டாம்.

படி 5: நடை

தொடக்கம் சாந்தாந்தேர் பூங்கா, தங்க அருங்காட்சியகத்தின் எதிரே. டிரான்ஸ்மிலேனியோ பேருந்தில் வந்தால் 'முசேயோ தெல் ஓரோ' நிறுத்தம். பக்கத்திலேயே சான் ஃபிரான்சிஸ்கோ தேவாலயம். வெளியே மொட்டைக் கல்லாகத் தெரியும், உள்ளே பலிபீடத்தின் பின்சுவர் முழுக்கத் தங்க முலாம் பூசிய மரச் செதுக்கல். பூசை நடந்தால் பின்வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

அங்கிருந்து கரேரா 7-உம் அவெனிதா ஹிமேனெசும் சந்திக்கும் முனை. 1948 ஏப்ரல் 9 அன்று மதியம் ஒரு மணிக்குச் சற்றுப் பின், மக்கள் தலைவர் ஹோர்ஹே எலியேசர் கய்தான் தன் அலுவலகக் கட்டடத்திலிருந்து வெளியே வந்தபோது இங்கேதான் சுடப்பட்டார். அன்று எழுந்த கலவரத்தில் நகரின் மையம் எரிந்தது, டிராம்கள் கொளுத்தப்பட்டன. அதற்குப் பிறகு நாடு முழுக்கப் பரவிய வன்முறை ஆண்டுக்கணக்கில் ஓடியது. சுவரில் நினைவுக் கற்கள் இருக்கின்றன. எதிரே அவசரமாக நடக்கும் கூட்டத்தை விட்டு ஓரமாக ஒதுங்கி நின்று படியுங்கள்.

இப்போது அவெனிதா ஹிமேனெசைக் கவனியுங்கள். சதுரங்கக் கட்டம்போல இருக்கும் ஊரில் இந்தச் சாலை மட்டும் வளைந்து நெளிந்து போகிறது. காரணம், இதன் அடியில் ஆறு ஓடுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ ஆற்றை மூடி மேலே சாலை போட்டார்கள். பின்னாளில் கட்டடக் கலைஞர் ரோஹேலியோ சல்மோனா அந்த ஆற்றை நினைவூட்டும்படி சாலை நடுவே படிப்படியாக இறங்கும் நீர்த்தொட்டிகளை வடிவமைத்தார். செங்கல் தளமும் அவருடையதே.

சற்றுத் தள்ளி ரொசாரியோ சதுக்கத்தில் ஆட்கள் கும்பலாக நின்று வெள்ளைக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் எதையோ பார்ப்பார்கள். மரகத வியாபாரிகள். பார்க்கலாம், வாங்க வேண்டாம். கல்லை மதிப்பிடத் தெரியாதவருக்குத் தெருவில் மரகதம் வாங்குவது சூதாட்டம். இதே சதுக்கத்தில் நகரை 1538-இல் நிறுவிய கோன்சாலோ ஹிமேனெஸ் தெ கெசாதாவின் சிலை இருந்தது. 2021 மே மாதம் மிசாக் பழங்குடி மக்கள் அதைக் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். வழிகாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டால், அவர் எந்தப் பக்கம் என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும்.

கரேரா 7 வழியாகத் தெற்கே நடந்தால் பிளாசா தெ பொலிவார். நடுவில் 1846-இல் வைத்த, விடுதலைப் போர்த் தலைவர் பொலிவாரின் சிலை, கிழக்கே பேராலயம், தெற்கே நாடாளுமன்றம், மேற்கே மேயர் அலுவலகம், வடக்கே நீதி அரண்மனை. 1985 நவம்பர் 6 அன்று எம்-19 என்ற கிளர்ச்சிக் குழுவின் கெரில்லாக்கள் பழைய நீதி அரண்மனையைக் கைப்பற்றினார்கள். ராணுவம் டாங்கியோடு உள்ளே புகுந்தது. மறுநாள் முடிவதற்குள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் உட்படச் சுமார் நூறு பேர் இறந்தார்கள், கட்டடம் எரிந்தது. இப்போது நிற்பது அதற்குப் பிறகு கட்டியது. புறாக்களுக்குச் சோளம் விற்கிறவர்கள் உங்கள் கையில் கட்டாயமாகப் பொட்டலத்தைத் திணித்தால் வாங்காதீர்கள், உடனே காசு கேட்பார்கள்.

சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு வெள்ளை மாடி வீடு, 'காசா தெல் ஃப்ளோரேரோ', பூச்சாடி வீடு. 1810 ஜூலை 20 வெள்ளிக்கிழமை, சந்தை நாள். உள்ளூரில் பிறந்த பிரமுகர்கள் ஒரு ஸ்பானியக் கடைக்காரரிடம் விருந்துக்காகப் பூச்சாடி இரவல் கேட்டார்கள். மறுப்பார் என்று தெரிந்தே கேட்டது. வாய்ச்சண்டை தெருச்சண்டையாகி, சந்தைக் கூட்டம் திரண்டு, சுதந்திர நாளாக அது முடிந்தது. அந்தச் சாடியின் மிச்சம் உள்ளே இருக்கிறது.

இனி காயே 11 வழியாக மலைப்பக்கம் ஏற்றம். மெதுவாக ஏறுங்கள், நடுவில் சாப்பாட்டுக்கு நிற்கலாம். மேலே கார்சியா மார்க்கேஸ் பண்பாட்டு மையம், அதுவும் சல்மோனா கட்டியது, வட்ட முற்றத்துக்காகவே உள்ளே போகலாம். அடுத்து பொத்தேரோ அருங்காட்சியகம். கொலம்பிய ஓவியர் ஃபெர்னாந்தோ பொத்தேரோ தன்னுடைய 123 படைப்புகளையும், பிக்காசோ, மோனே, டாலி போன்றோரின் 85 படைப்புகளையும் கொடையாகக் கொடுத்தார். கட்டணம் கிடையாது. ஒரு மணி நேரம் போதும்.

பிறகு கரேரா 2 வரை ஏறினால் சோர்ரோ தெ கெவேதோ என்ற சிறு சதுக்கம், அதை ஒட்டி எம்புதோ என்ற புனல் சந்து. இங்கே கூரைகளை அண்ணாந்து பாருங்கள். ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுகிறவன், உட்கார்ந்திருக்கும் ஆள் என்று மனித உருவங்கள் கூரை மேலும் மாடத்திலும் நிற்கும். சிற்பி ஹோர்ஹே ஒலாவேயின் கைவேலை. சுவர் ஓவியங்கள் இங்கிருந்து கீழே பெரியோதிஸ்தாஸ் பூங்கா வரை தொடரும். 2011-இல் சுவரில் வரைந்துகொண்டிருந்த 16 வயதுப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு எழுந்த கோபத்தில், 2013-இல் நகராட்சி ஓவியங்களுக்குத் தனி விதிமுறை கொண்டுவந்தது. சுவர் ஓவியத்துக்கென்றே தனி நடைகள் உண்டு, அதை வேறொரு நாள் வையுங்கள்.

கரேரா 1-ஐத் தாண்டி எகிப்தோ பகுதிக்குள் தனியாகப் போகாதீர்கள். அங்கே வாழும் இளைஞர்களே நடத்தும் நடையில் சேர்ந்து போனால் போகலாம். இருட்டிய பிறகு மேலே உள்ள தெருக்களில் நடக்க வேண்டாம், ஆப்பில் வண்டி கூப்பிடுங்கள்.

படி 6: நடுவில் என்ன சாப்பிடுவது

பேராலயத்துக்குப் பக்கத்தில் காயே 11 # 6-50, 1816 முதல் இயங்கும் லா புவெர்த்தா ஃபால்சா என்ற குட்டிக் கடை. வரிசை நீளமென்றால் அதே தெருவில் இதே பண்டம் விற்கும் வேறு கடைகளும் உண்டு. கேட்க வேண்டியது 'சோகொலாத்தே கொம்ப்ளேத்தோ'. சூடான சாக்லேட், வெண்ணெய் தடவிய ரொட்டி, பாலாடைக்கட்டி. கட்டியைச் சாப்பிடாமல் வைத்திருங்கள். துண்டு துண்டாகப் பிய்த்துக் கோப்பைக்குள் போட்டு, இரண்டு நிமிடம் விட்டால் அடியில் இளகி நூலாக இழுக்கும். கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, மேலே மிச்சமுள்ள சாக்லேட்டைக் குடிக்க வேண்டும். கலக்கிவிட்டால் கட்டி கரண்டியில் ஒட்டிக்கொண்டு வராது.

பட்டியலில் 'தமால்' என்று பார்த்ததும் நம் பெயர்போல இருக்கிறதே என்று சைவக்காரர்கள் வாங்கிவிட வேண்டாம். வாழையிலையில் கட்டிவரும், திறந்தால் பன்றியும் கோழியும். 'அஹியாகோ' என்ற உருளைக்கிழங்கு சூப்பும் கோழியில்தான் கொதிக்கும். கோழி போடாதே என்றால் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சாற்றை ஊற்றித் தருவார்கள். பாலாடைக்கட்டி வைத்த அரேப்பா என்ற சோள ரொட்டி, பெரிய அப்பளம்போல இரண்டு வில்லைகளுக்கு நடுவே பால்கோவா தடவிய ஒப்லேயா இரண்டும் பயமில்லாமல் சாப்பிடலாம்.

படி 7: தங்கமும் மலையும்

தங்க அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் இரண்டாவது மாடியிலேயே கண் சோர்ந்துவிடும். நேராக முயிஸ்கா பழங்குடியினர் தங்கத்தில் செய்த தெப்பத்தைத் தேடிப் போங்கள். 1969-இல் பாஸ்கா ஊர்ப்பக்கம் ஒரு குகையில் கிடைத்தது. நீளம் 19.5 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு சாண். படங்களில் பார்த்து ஆளுயரம் இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் முதலில் ஏமாந்து, பிறகு குனிந்து பார்த்து அசந்து நிற்பார்கள். மெழுகு வார்ப்பில் செய்தது. நடுவில் தலைவன், சுற்றிலும் சிறு உருவங்கள், தெப்பத்தின் ஓரத்தில் முறுக்குக் கம்பிகள். புதிய தலைவன் உடம்பெல்லாம் பொன்துகள் பூசிக்கொண்டு ஏரியில் இறங்கும் சடங்கிலிருந்துதான் எல் தொராதோ, பொன் பூசிய மனிதன், கதை பிறந்தது. அடுத்து காணிக்கை அறை, இருட்டில் வட்டமாக நிற்க வைத்து விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். வாசலில் காத்திருந்து குழுவோடு நுழையுங்கள்.

மொன்செர்ராதேவுக்கு கம்பிவட வண்டியும் 1929 முதல் ஓடும் மலை ரயிலும் உண்டு. நேரத்துக்கு ஏற்ப ஒன்று ஓடும், ஒன்று நிற்கும். நடந்து ஏறுவதென்றால் சுமார் இரண்டரை கிலோமீட்டர் படிக்கட்டு, ஆட்கள் நிறைய ஏறும் காலை வேளையில் மட்டும். பழைய நகரிலிருந்து மலை நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம் என்று வரைபடம் காட்டும். தூரம் குறைவுதான், ஆனால் ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் வழிப்பறி நடக்கிற பாதை. டாக்சி பிடியுங்கள். மேலே மேகம் மூடியிருந்தால் நகரம் தெரியாது. அதனால் காலையில் அறைச் சன்னலைத் திறந்து, தேவாலயம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தெரியவில்லையென்றால் அன்று இன்னொரு சாக்லேட், மலை மறுநாள்.