விலங்குச் சடலத்தில் பருவந்தோறும் மாறும் பூச்சிகளைப் பதிவு செய்வது எப்படி?

பூச்சிகளைக் கொண்டு இறப்பின் காலத்தைக் கணிக்கும் தடய அறிவியலில், கோடையில் எடுத்த குறிப்பைக் குளிர்காலச் சடலத்துக்குப் பொருத்தினால் கணக்கு பெரிதும் பிசகும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் பன்றிக்குட்டிகளை வைத்து ஆராய்ந்த ஜெர்ரி பெய்ன், 1965-இல் வெளியிட்ட கட்டுரையில் 522 வகை உயிரினங்களைப் பதிவு செய்தார். பூச்சிகள் அண்டிய சடலத்தில் ஆறே நாளில் 90 விழுக்காடு மறைந்திருந்தது. அது கோடைக் கணக்கு மட்டுமே.

உரிய அனுமதி பெற்ற பின், ஏறத்தாழ 23 கிலோ எடையுள்ள பன்றிச் சடலங்களை, ஒன்றின் மணம் மற்றொன்றின் ஈக்களை ஈர்க்காதபடி குறைந்தது 50 மீட்டர் இடைவெளியில் வைத்து, நாயும் நரியும் இழுக்காதவாறு கம்பிக் கூண்டால் மூட வேண்டும். ஒரு பருவத்துக்கு ஒரே சடலம் என்றால், கிடைத்த வேறுபாடு பருவத்தால் வந்ததா, அந்தச் சடலத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது, மூன்றேனும் தேவை.

வெப்பநிலையைச் சடலத்தின் அருகிலேயே மணிக்கொரு முறை பதிவு செய்யுங்கள். வானிலை நிலையத்தின் அளவு துணைக்கு உதவுமே தவிர, நிழலிலும் வெயிலிலும் உள்ள வேறுபாட்டைக் காட்டாது. புழுக்கள் திரண்டு மேயும் இடம் சுற்றுக்காற்றைவிட வெகுவாகச் சூடேறும் என்பதால், அங்கும் தனியாக அளக்க வேண்டும்.

கோடையில் நாள்தோறும், குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை சென்று, மிகப் பெரிய புழுக்களைத் தவறாமல் எடுங்கள். அவற்றில் ஒரு பகுதியைச் சில விநாடிகள் வெந்நீரில் இட்டுக் கொன்ற பிறகே 80 விழுக்காடு ஆல்கஹாலில் போட வேண்டும். உயிரோடு நேராகப் போட்டால் சுருங்கிக் கறுத்து, நீள அளவு பயனற்றுப் போகும். மற்றொரு பகுதியை ஈரல் துண்டில் வளர்த்து ஈயாக்கினால் இனத்தை உறுதியாகச் சொல்லலாம். வளர்ந்த புழுக்கள் கூட்டுப்புழுவாவதற்குச் சடலத்தை விட்டு ஊர்ந்து சென்றுவிடும். ஆகவே சுற்றியுள்ள மண்ணையும் கிளற வேண்டும், பலர் விட்டுவிடும் வேலை இது.

பருவம் எவ்வாறு செயல்படுகிறது என்பதற்கு பிரிட்டனிலும் காணப்படும் இரண்டு ஈக்கள் நல்ல எடுத்துக்காட்டு. காலிஃபோரா விசினா என்னும் நீல ஈயின் வளர்ச்சி ஏறத்தாழ 1-2 டிகிரி செல்சியசிலேயே தொடங்கிவிடும். லூசிலியா செரிகாட்டா என்னும் பச்சை ஈக்கு ஏறத்தாழ 9 டிகிரி வேண்டும். நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து இந்தத் தொடக்க அளவைக் கழித்தால் மிஞ்சுவதே அன்று வளர்ச்சிக்கு உதவும் வெப்பம். ஆகவே, சராசரி 12 டிகிரியாக உள்ள ஒரு நாளில் முன்னதற்குச் சுமார் 10 அலகு வெப்பம் சேர, பின்னதற்கு 3 அலகே சேரும். பச்சை ஈயின் புழு குளிர் நெருங்கும்போது வளர்ச்சியை நிறுத்தி உறங்கவும் கூடும் என்பதால், இலையுதிர்காலப் புழுக்களின் வயதை நீளத்தை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது.

குளிர்காலத்தில் இறந்த விலங்கில் ஈக்கள் பல நாட்கள் தாமதித்து முட்டையிடக்கூடும். அறிக்கையில் முதல் முட்டையிட்ட காலத்தையும் இறந்த காலத்தையும் தனித்தனியே குறிப்பிடுங்கள்.