டிசியை நீங்களே கேட்டு வாங்காதீர்கள்

கல்லூரியில் உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை என்று வந்தால், கல்லூரி முதல்வர் அறையில் அப்பாவை உட்காரவைத்து, "கேஸ் ஆச்சுன்னா பையன் வாழ்க்கையே போயிடும், நீங்களே டிசி வாங்கிட்டுப் போயிடுங்க" என்பார்கள். அவரும் பயந்துபோய் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இதைவிடப் பெரிய தவறு இல்லை. ஏனென்றால், அதற்குப் பிறகு உங்களை நீக்கினார்கள் என்பதற்கே ஆதாரம் இருக்காது.

மன்னிப்புக் கடிதமும் அப்படித்தான். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினால், அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஃபைலில் ஏறும். எழுதத்தான் வேண்டுமென்றால் நடந்ததை மட்டும் உங்கள் வார்த்தைகளில், தேதியோடு எழுதுங்கள். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்டனைக்கு முன் மாணவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது யாரும் போடும் பிச்சை அல்ல. உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியம், முறைகேடு செய்ததாக மாணவர்களின் தேர்வு முடிவை அவர்களிடம் விளக்கமே கேட்காமல் ரத்து செய்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது.

ஆனால் அந்த உரிமையை வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேரளப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு மாணவர் தொடுத்த வழக்கில் (1968), விசாரணை அறிக்கையின் நகலைத் தரவில்லை என்று மாணவர் தரப்பில் வாதிட்டார்கள். தேவைப்பட்டிருந்தால் அப்போதே கேட்டிருக்கலாமே என்றது உச்ச நீதிமன்றம். வழக்கு தோற்றது. எனவே நோட்டீஸ் வந்த உடனே எழுதிக் கேளுங்கள்: குற்றச்சாட்டு என்ன, எந்த விதியின் கீழ், என்ன ஆதாரம், அறிக்கை இருந்தால் அதன் நகல். பதில் தர நாள் போதவில்லையா, அவகாசமும் கேளுங்கள். கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் கோபத்தில் போகாமல் இருக்காதீர்கள். வரவில்லை என்று எழுதிவிட்டு முடிவெடுத்துவிடுவார்கள். அப்புறம், அங்கே கோர்ட் மாதிரி எல்லாம் நடக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரியில், இரவில் பெண்கள் விடுதிக்குள் புகுந்ததாக மாணவர்கள் நீக்கப்பட்டார்கள். புகார் கொடுத்த பெண்களைக் குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை என்ற வாதத்தை 1973-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தப் பெண்களின் பாதுகாப்பை நினைத்தால் அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். குற்றச்சாட்டு என்ன என்று மாணவர்களுக்குத் தெரிவித்து, விளக்கம் கேட்டிருந்தார்கள். அது போதும் என்றானது.

நீக்க உத்தரவு கையில் வந்த பிறகு, "சார் மனசு மாறுவார்" என்று காத்திருக்காதீர்கள். உங்கள் பல்கலைக்கழக விதிகளில் மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று அன்றைக்கே பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்பின் முடிவை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு) போடலாம். செமஸ்டர் தேர்வு நெருங்குகிறது என்றால், தேர்வெழுத இடைக்கால அனுமதியையும் அதிலேயே கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.