சுவிட்ச் அழகு, ஒயரிங் அலங்கோலம்: கூடுதல் விளக்கு பொருத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம். டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பக்கத்தில் இருந்த மைத்துனர், "மாப்பிள்ளை, பிரேக் வாடையா இது?" என்றார். மலை ஏறும்போது பிரேக் எங்கே கருகும்? சந்தேகத்தோடு விளக்கு சுவிட்சைத் தொட்டேன். விரலைச் சுட்டது. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நானே பொருத்திய சுவிட்ச் அது.

வெளியிலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. டேஷ்போர்டில் கம்பெனி காலியாக விட்டிருந்த கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மற்ற பொத்தான்களின் அதே கறுப்பு, அதே எழுத்து. கழற்றிப் பார்த்தபோது பின்பக்க முனையைச் சுற்றி பிளாஸ்டிக் காபி நிறத்தில் இளகி வழிந்திருந்தது. முன்பக்கத்தைக் கம்பெனி வேலைபோல் செய்துவிட்டு, பின்பக்கத்தைத் திருவிழா சீரியல் விளக்கு போலக் கட்டியிருந்தேன். கரடுமுரடான பாதைக்காக விளக்கு பொருத்தும் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

சுவிட்ச் வேலைக்காரன் அல்ல, மேஸ்திரி

55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு என்றால் மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்கு மேல் போகும். 120 வாட் எல்.இ.டி. பார் (நீளமான பட்டை விளக்கு) என்றால் சரியாக 10 ஆம்பியர். கட்டை விரல் அகலமுள்ள அந்தச் சின்ன சுவிட்சின் உள்ளே இருக்கும் தகடுகள் இவ்வளவு மின்சாரத்தை மணிக்கணக்கில் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதிலும் ஹாலஜன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு. போட்ட கணத்தில் வழக்கமான அளவைப்போல் பல மடங்கு மின்சாரம் பாயும். அந்த ஒரு நொடிப் பாய்ச்சலே தகடுகளை ஒட்டவைத்துவிடும். பிறகு சுவிட்சை அணைத்தாலும் விளக்கு அணையாது.

அதனால்தான் ரிலே, அதாவது உள்ளே இருக்கும் சுருளில் சிறு மின்சாரம் பாய்ந்தால் பெரிய மின்சாரத்தை இணைத்துவிடும் சின்னப் பெட்டி. சுவிட்ச் உத்தரவு கொடுக்கும், சுமையை ரிலே தூக்கும். ரிலேயின் சுருளுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 0.15 ஆம்பியர்தான். இதற்கு எந்தச் சின்ன சுவிட்சும் போதும். "சின்ன விளக்குதானே, ரிலே எதற்கு?" என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30 என்பது பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வருவது. 87 விளக்குக்குப் போவது. 86, 85 இரண்டும் சுருளின் இரு முனைகள். ஐந்து கால் ரிலே வாங்கினால் நடுவில் 87ஏ என்று இன்னொன்று இருக்கும். அது ரிலே வேலை செய்யாதபோது இணைந்திருக்கும் முனை. அதில் விளக்கைக் கொடுத்துவிட்டு, வண்டியை நிறுத்தினாலும் விளக்கு எரிகிறது, சுவிட்ச் போட்டால் அணைகிறது என்று திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்கு கால் ரிலே வாங்கினால் இந்த வம்பே இல்லை. சில ரிலேக்களின் உள்ளே சுருளுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு இருக்கும். அவற்றில் 86-க்கு பாசிட்டிவ், 85-க்கு நெகட்டிவ் என்ற வரிசையை மாற்றக் கூடாது. மாற்றினால் ஃபியூஸ் போகும், அல்லது டயோடு போகும். ரிலேயின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தில் டயோடு குறி இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் யாரைக் காப்பாற்றுகிறது

விளக்கைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று நினைத்துக்கொண்டு அதை விளக்குக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயர் வழியில் எங்கேயாவது உரசி பாடியைத் தொட்டால், பேட்டரிக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஃபியூஸ் இருந்தால்தான் பயன். இல்லாவிட்டால் ஒயர்தான் ஃபியூசாக எரியும், பானட்டுக்குள் நெருப்போடு. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும்.

10 ஆம்பியர் சுமைக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ், நீல நிறம். அது எரிந்து போனால் கையில் கிடைத்த பச்சை நிற 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகுவது நம் ஊர் வழக்கம். ஃபியூஸ் ஏன் எரிந்தது என்ற கேள்வியை அந்தப் பச்சை ஃபியூஸ் மூடி மறைத்துவிடும், அவ்வளவுதான்.

ஒயர் வாங்கும்போது "முக்கால் ஸ்கொயர் போதும்" என்பார்கள். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர், ஆக ஆறு மீட்டர். 0.75 ஸ்கொயர் மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் தொலைந்துவிடும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தால் விளக்குக்குக் கிடைப்பது 12.3. ஹாலஜன் விளக்கில் மின்னழுத்தம் சிறிது குறைந்தாலே வெளிச்சம் வெகுவாகக் குறையும். இந்த ஒன்றரை வோல்ட் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். அப்புறம் "விளக்கு சரியில்லை" என்று அதைவிட விலை உயர்ந்த விளக்கை வாங்குவோம். அதே தூரத்துக்கு இரண்டரை ஸ்கொயர் ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும்.

வீட்டு ஒயரைப் பானட்டுக்குள் போட வேண்டாம். அதன் உறை பொதுவாக 70 டிகிரிக்கு மேல் தாங்குவதற்கானது அல்ல. வண்டிக்கான ஒயர் மெல்லிய இழைகள் பல சேர்ந்தது, அதிர்வைத் தாங்கும், சூட்டையும் தாங்கும். மலிவாகக் கிடைக்கும் சில ஒயர்கள் மேலே செம்பு, உள்ளே அலுமினியம். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சுவிட்சின் உள்ளே இருக்கும் இரண்டு விளக்குகள்

கம்பெனி சுவிட்சைப் போன்ற சுவிட்ச் வாங்குவதே அதன் வெளிச்சத்துக்காகத்தான். அதற்குள் சின்ன விளக்குகள் இரண்டு உண்டு. பார்க்கிங் விளக்கைப் போட்டதும் மற்ற பொத்தான்களோடு சேர்ந்து மங்கலாக எரிவது ஒன்று, பின்னொளி. கூடுதல் விளக்கு எரிகிறது என்று காட்டுவது இன்னொன்று. பின்புறம் நான்கோ ஐந்தோ ஒயர்கள் வரும். இவற்றின் நிறத்தை நம்பி இணைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. சிவப்பு என்றால் பாசிட்டிவ், கறுப்பு என்றால் எர்த் (பாடி வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) என்ற நியதி இந்தச் சுவிட்சுகளில் எல்லோரும் பின்பற்றுவது அல்ல. ஒரே தோற்றம் கொண்ட இரண்டு சுவிட்சுகளில்கூட நிறங்கள் வேறாக இருக்கும். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, சுவிட்சை அழுத்தினால் எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே ஒலி வருகிறது, அணைத்தால் நிற்கிறது என்று பாருங்கள். அவைதான் முக்கிய முனைகள். மீதி விளக்குகளுக்கானவை.

இங்கே நடக்கும் ஒரு வேடிக்கை. பின்னொளிக்கான ஒயரையும் ரிலேக்குப் போகும் ஒயரையும் தவறுதலாக ஒன்றாக முறுக்கிவிடுவார்கள். விளைவு: பார்க்கிங் விளக்கைப் போட்டாலே முன்னால் பார் லைட் பளீரென்று எரியும். அல்லது, வண்டி விளக்கெல்லாம் அணைந்திருக்கும்போது கூடுதல் விளக்கு சுவிட்சைத் தட்டினால் பின்பக்கச் சிவப்பு விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் உயிர் பெறும். மின்சாரம் வந்த வழியே திரும்பிப் பாய்கிறது. சுவிட்ச் பழுது என்று மாற்றிப் பயனில்லை.

இன்னொன்று நுட்பமானது. பல டொயோட்டா வண்டிகளில் டேஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, பாசிட்டிவ் பக்கம் இல்லாமல் நெகட்டிவ் பக்கம் இருக்கிறது. பின்னொளியின் நெகட்டிவை நேராக பாடியில் கொடுத்தால் மற்றவை மங்கும்போது இந்தச் சுவிட்ச் மட்டும் முறைத்துக்கொண்டிருக்கும். இரவுப் பயணத்தில் அது கண்ணை உறுத்தும். அதைச் சரிசெய்கிறேன் என்று சுவிட்சின் பொது எர்த்தையே அந்தத் திருகின் ஒயரில் கொடுத்தால், வெளிச்சத்தைக் குறைக்கும்போது காட்டி விளக்கும் சேர்ந்து மங்கிவிடும். பின்னொளிக்கும் காட்டி விளக்குக்கும் தனித்தனி எர்த் முனை உள்ள சுவிட்சாக இருந்தால்தான் அந்தத் திருகை நாட வேண்டும். இல்லாவிட்டால் நேரடி எர்த்தே மேல், முறைத்தால் முறைக்கட்டும்.

உத்தரவு எங்கிருந்து வருகிறது

சுவிட்சுக்கு நேராகப் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரியும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியை 10 ஆம்பியர் சுமை ஒரே இரவில் காலி செய்துவிடும். ஸ்டார்ட் ஆகாத நிலை அதற்கும் முன்பே வந்துவிடும், அதுவும் ஆள் நடமாட்டமில்லாத காட்டுப் பாதையில். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸிலிருந்து எடுங்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ்., என்ஜின் கணினி ஆகியவற்றின் ஃபியூஸ்களைத் தொட வேண்டாம். மஞ்சள் உறையும் மஞ்சள் இணைப்பியும் தென்பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக் ஒயர். அந்தப் பக்கமே கை போகக் கூடாது.

பிரைட் விளக்கோடு மட்டும் கூடுதல் விளக்கு எரிய வேண்டும் என்பவர்கள் பிரைட் ஒயரிலிருந்து உத்தரவு எடுக்கிறார்கள். நல்ல முறைதான். டிம் செய்த உடனே எல்லாம் அணைந்துவிடும், எதிரே வருபவரின் சாபம் கிடைக்காது. ஆனால் 80 வரிசை லேண்ட் குரூசர் போன்ற பழைய டொயோட்டாக்களில் ஹெட்லைட்டுக்குப் பாசிட்டிவ் பொதுவாக வந்து நிற்கும், டிம்–பிரைட் மாற்றம் நெகட்டிவ் பக்கம் நடக்கும். அங்கே வழக்கம்போல் பிரைட் முனையை ரிலேயின் 86-க்கும், 85-ஐ எர்த்துக்கும் கொடுத்தால் எல்லாம் தலைகீழாகும். டிம்மில் கூடுதல் விளக்கு எரியும், பிரைட்டில் அணையும். கண்டுபிடிப்பது எளிது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வைத்து, சிவப்பு முனையால் பிரைட் முனையைத் தொடுங்கள். பிரைட் எரியும்போது 12 வோல்ட் காட்டினால் சாதாரண முறை. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் நெகட்டிவ் முறை. அப்போது 86-ஐ ஹெட்லைட்டின் பொது பாசிட்டிவிலும், 85-ஐ சுவிட்ச் வழியாகப் பிரைட் முனையிலும் கொடுக்க வேண்டும்.

புதிய வண்டிகளில் ஹெட்லைட்டைக் கணினி கண்காணிக்கிறது. அங்கே ஒயரில் கை வைத்தால் எச்சரிக்கை விளக்கு வரலாம், ரிலே படபடவென்று துடிக்கலாம், வாரன்டியிலும் சிக்கல் வரலாம். அந்த வண்டிக்கென்றே செய்த இணைப்பு ஒயர் கிடைத்தால் பணம் பார்க்காமல் வாங்கிவிடுங்கள்.

எர்த், தண்ணீர், அதிர்வு

விளக்கு மங்கினால் எல்லோரும் பாசிட்டிவ் பக்கமே தேடுகிறார்கள். பாதிக் குற்றவாளி எர்த். பெயிண்டின் மேல் லக்கை (ஒயர் முனையில் நெரித்துப் பொருத்தும் உலோகத் துண்டு) வைத்து முறுக்கினால் அது எர்த் அல்ல. பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தில் வளைய லக்கை வைத்து முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்சாரத்தை அளக்கும் சென்சார் பெட்டி இருந்தால் உங்கள் எர்த்தை அந்த முனையில் நேராகக் கட்ட வேண்டாம், பாடியில் கட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் விளக்கு குடிக்கும் மின்சாரம் வண்டியின் கணக்கிலேயே வராது.

ஒயரோடு ஒயரைச் சேர்க்க, கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப் ஒரு நிமிடத்தில் வேலையை முடிக்கும். ஆனால் இழைகளில் பாதியை வெட்டிவிடும், ஈரமும் உள்ளே புகுந்து பச்சை பூக்கும். முறுக்கி டேப் சுற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கோடைக்குள் பசை இளகி டேப் தானாக அவிழும். சரியான கருவியால் லக்கை நெரித்து, சூட்டில் சுருங்கும் உறை போடுவதே நிற்கும்.

என்ஜின் பக்கத்திலிருந்து கேபினுக்குள் ஒயர் நுழையும் தகட்டில் புதிதாக ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் இல்லாமல் விடுவது கத்தியின் மேல் ஒயரை வைப்பது போல. ஏற்கெனவே இருக்கும் ரப்பர் அடைப்பின் வழியாகவே கொண்டு போங்கள். ரிலேயைக் கால்கள் கீழ் நோக்கி இருக்கும்படி, ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் எட்டாத உயரத்தில் பொருத்துங்கள். மலிவான எல்.இ.டி. பார் எஃப்.எம். ரேடியோவில் இரைச்சல் கிளப்பும். அதன் ஒயரை ஆன்டெனா ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் இருந்தால் ஓரளவு குறையும்.

வேலை முடிந்ததும் டேஷ்போர்டை மூடும் முன் ஒரு சோதனை. என்ஜினை ஓட விட்டு, விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை விளக்கின் பாசிட்டிவிலும் வையுங்கள். வரும் எண்தான் வழியில் தொலையும் வோல்ட். எர்த் பக்கமும் இதேபோல் பாருங்கள். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்து நிமிடம் எரியவிட்டு ஃபியூஸ், ரிலே, லக் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று மற்றவற்றைவிடச் சுட்டால் அங்கே பிடிப்பு சரியில்லை. என் இரண்டாவது முயற்சியில் எனக்கு 0.9 வந்தது. எர்த் லக்கின் அடியில் அரை நகம் அளவு பெயிண்ட் மிச்சமிருந்தது. சுரண்டிய பிறகு 0.4.

எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதி, பாலிதீன் உறையில் போட்டு ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். அடுத்த முறை அதைத் திறக்கப்போவது நானாக இல்லாமல், இரவு 10 மணிக்கு மலையடிவாரத்தில் டார்ச் வெளிச்சத்தில் குனிந்து நிற்கும் வேறு யாரோ ஒரு எலக்ட்ரீஷியனாக இருக்கலாம்.