மட்டக்களப்பில் கூரைமேல் சோலார் சுடுதண்ணி: எந்தக் கந்தோர், என்ன அனுமதி

சுவிஸ், கனடா, லண்டன் என்று பல வருசம் இருந்துவிட்டு மட்டக்களப்புக்கோ அம்பாறைக் கரையோர ஊர்களுக்கோ குடிவருகிறவர்கள், சோலார் சுடுதண்ணிக்கு எங்கே பெர்மிட் எடுப்பது என்று கேட்பார்கள். அதற்கென்று தனிப் படிவம் இங்கே கிடையாது. அனுமதி கொடுப்பது கட்டடத்துக்குத்தான். உங்கள் வீடு சபை அங்கீகரித்த கட்டடப் படத்தின்படி இருக்கிறதா, காணி கடலுக்கு எவ்வளவு கிட்ட, கூரையில் ஏற்றப்போகும் பாரத்தைக் கொங்கிறீற் தட்டு தாங்குமா என்ற மூன்றும் தெளிவானால் வேலை முடிந்த மாதிரி. ஒன்று இடறினாலும் தாங்கி கடையிலேயே கிடக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கரண்ட் தருவதையும் தண்ணி சுடவைப்பதையும் கடைக்காரர் "சோலார்" என்றுதான் சொல்வார். மின்சாரம் தருகிற பலகையை மின் இணைப்போடு சேர்ப்பதற்குக் கரண்ட் கந்தோருக்குப் போகவேண்டும், மீற்றரும் மாறும். தண்ணீரைச் சுடவைக்கிற தொகுதிக்கு அந்தச் சங்கதி இல்லை. அது போகிற இடம் உள்ளூராட்சி மன்றம்.

எந்த மன்றம் என்பதை ஊர்ப் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். கல்லடி மாநகர சபைக்குள் வரும். கொஞ்சம் தெற்கே ஆரையம்பதி மண்முனைப் பற்றுப் பிரதேச சபை. செங்கலடி ஏறாவூர்ப் பற்று, களுவாஞ்சிக்குடி மண்முனை தென் எருவில் பற்று. அம்பாறைப் பக்கத்தில் கல்முனைக்கு மாநகர சபை, காரைதீவுக்குத் தனிப் பிரதேச சபை. அக்கரைப்பற்றுத் தமிழ்ப் பகுதி ஆலையடிவேம்புக்குள் போகிறது. வீட்டுக்குக் கட்டிய சோலை வரி றிசீற்றில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் கந்தோர்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு வழி இலகு: படம் கீறும்போதே தொகுதியையும் சேர்த்துவிடுங்கள். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி கட்டட விண்ணப்பம் சபைக்குப் போகும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனப் பகுதியாக இருந்தால் அதன் 1978ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்து வரும். தொகுதி நிற்கும் இடம், தண்ணீரோடு மொத்தப் பாரம், கொங்கிறீற் பீடங்கள், தண்ணித் தாங்கியின் உயரம், குழாய் போகும் பாதை ஆகியவற்றைக் கூரைப் படத்தில் காட்டச் சொல்லுங்கள். "சோலார்" என்று ஒரு பெட்டியை மட்டும் கீறிவிட்டால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் திருப்பி அனுப்புவார், அது நியாயமும்கூட.

உறுதிப் பிரதி, நில அளவைப் படம், சோலை வரி றிசீற், வீதிக்கோட்டுச் சான்றிதழ், தகுதியுள்ளவர் ஒப்பமிட்ட கட்டடப் படத்தின் பிரதிகள் ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படும். எத்தனை பிரதி, எவ்வளவு கட்டணம் என்பது சபைக்குச் சபை மாறும். விண்ணப்பப் படிவம் எடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். உறுதி இல்லாமல் அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியானால் பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவைத் தாண்டாமல் எதுவும் நகராது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இதில்தான்: விண்ணப்பம் காணிச் சொந்தக்காரரின் பெயரில் இருக்கவேண்டும். கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்கு. காசு அனுப்பிக் கட்டியது கணவனாக இருக்கலாம்; உறுதி மனைவியின் பெயரிலோ மாமியின் பெயரிலோ இருக்கும். அவர் வெளிநாட்டில் இருந்தால், அவருக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி, பதிவு செய்து, பிரதியை விண்ணப்பத்தோடு வைக்கவேண்டும். அதை இங்கே வந்த பிறகு தொடங்கினால் தூதரகம், கொரியர் என்று வாரங்கள் ஓடும்.

பழைய வீடு வேறு கதை. தட்டு முன்பே இருந்து, அதன்மேல் கடையில் வரும் சட்டகத்தோடு தொகுதியை வைப்பது மட்டுந்தான் என்றால், இடம், பாரம், படம் மூன்றையும் குறித்து ஒரு கடிதம் கொடுத்து, மேலதிக அனுமதி தேவையா என்று எழுத்தில் பதில் வாங்குவது போதுமானது. வாய்ப்பேச்சுப் பதிலை நம்ப வேண்டாம். உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்தப் பேச்சும் அவரோடு போய்விடும். இரும்புத் தூண் நட்டு மேடை எழுப்புவது, ஓட்டுக் கூரையைக் கழற்றித் தட்டுப் போடுவது, மேல்மாடியைக் கூட்டுவது எல்லாம் கட்டட மாற்றம். அவற்றுக்குப் படம் போட்டு அனுமதி எடுத்த பிறகே மேசனைக் கூப்பிடவேண்டும். யுத்த காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் அவசரமாகக் கூட்டிக் கட்டிய அறைகள் பல வீடுகளில் படத்தில் இல்லை. பார்வையிட வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அப்படி இருந்தால் அதை முறைப்படுத்தும் விண்ணப்பத்திலேயே சுடுதண்ணித் தொகுதியையும் சேருங்கள். இரண்டு தரம் ஏன் வரிசையில் நிற்கவேண்டும்?

கடலோரம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் கதவையும் தட்டவேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரச் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு தொடுக்கும் வாவிகளுக்கும் தனி எல்லை உண்டு. முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றர் வரை உள்ளே வரும். நாவலடி, கல்லடிக் கடற்கரைப் பக்கம், கல்குடா, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் என்று கடலைப் பார்த்த வளவுகளில் புதுக் கட்டுமானத்துக்கு இந்தத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் சபை கையெழுத்து வைக்காது. சிறிய வீட்டு வேலைகளுக்குப் பிரதேச செயலகத்திலேயே விசாரிக்கலாம். தூரத்தை நில அளவையாளர் படத்தில் குறித்திருந்தால் பாதி வாதம் குறையும்.

இனிப் பாரம். நான்கு பேருக்கான 200 லீற்றர்க் கண்ணாடிக் குழாய்த் தொகுதியை எடுங்கள். தாங்கியில் 200 லீற்றர். 58 மில்லிமீற்றர் விட்டமும் 1.8 மீற்றர் நீளமும் உள்ள 20 குழாய்களில், ஒன்றுக்கு 3 லீற்றர் வீதம், இன்னும் 60. இரும்பும் தாங்கியும் கண்ணாடியுமாக ஏறக்குறைய 80 கிலோ. மொத்தம் 340 கிலோ. இந்தப் பாரம் சமமாகப் பரவாது. பெரும்பகுதி தாங்கிக்குக் கீழே பின்பக்கக் கால்கள் இரண்டில் இறங்கும். அந்தக் கால்கள் வளை அல்லது சுவருக்கு நேர் மேலே வரவேண்டும். தட்டின் நடுவில் வைத்தால் கீழ் அறையின் முகட்டில் மயிர் வெடிப்புத் தெரியத் தொடங்கும். ஓட்டுக் கூரையின் மரச் சலாகையிலும் அஸ்பெஸ்டஸ் சீற்றிலும் இந்தப் பாரத்தை ஏற்றவே கூடாது.

பாரத்தைவிடப் பயப்பட வேண்டியது காற்று. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பை என்ன செய்தது என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். அதன் பிறகு 1980இல் வந்த பலத்த காற்றுக்கான கட்டட வழிகாட்டி, கிழக்குக் கரையை முதல் வலயத்தில் வைத்து, சாதாரண கட்டடங்களுக்குச் செக்கனுக்கு 49 மீற்றர் வேகத்தைக் கணக்கிடச் சொல்கிறது. மணிக்கு 176 கிலோமீற்றர். அந்த வேகம் சதுர மீற்றருக்குச் சுமார் 145 கிலோ அழுத்தம். 3 சதுர மீற்றர்ப் பரப்பு என்றால் 430 கிலோவைத் தாண்டும்; தண்ணீர் நிரம்பிய தொகுதியின் பாரத்தைவிட அதிகம். கண்ணாடிக் குழாய்களுக்கிடையே காற்று புகுந்து போவதால் முழு விசையும் விழாது; தட்டைப் பலகை வகையில் விழும். ஆகவே "தண்ணிப் பாரமே போதும்" என்று சொல்கிற மேசனை நம்பாதீர்கள். தட்டுப் போடும்போதே கம்பி விட்டுப் பீடம் எழுப்பி, ஒவ்வொரு காலுக்கும் 12 மில்லிமீற்றர்ப் போல்ற் வைத்து வார்ப்பதே நல்லது. பழைய தட்டில் இரசாயனப் பசையோடு இறுக்கும் போல்ற் போடலாம். கொங்கிறீற் ஆணி வேண்டாம். உப்புக் காற்றில் சாதாரண இரும்புப் போல்ற் கறள் பிடித்து, வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தின்றுபோகும். கறள் பிடியாத உருக்கு அல்லது சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்தது வாங்குங்கள். தென்னைக்குக் கீழே வைத்தால் குரும்பை விழுந்தே குழாய் உடையும். அதற்கு எந்தச் சட்டமும் உதவாது.

முகம் தெற்கு, சரிவு 15 பாகையளவு. மாரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். சுடுதண்ணி வேண்டியதும் அப்போதுதான். அளவில் குளிர்நாட்டுக் கணக்கைக் கொண்டுவர வேண்டாம். இங்கே குழாய்த் தண்ணீரே 28 பாகை இருக்கும். 60 பாகையில் 100 லீற்றர் இருந்தால் 40 பாகையில் குளிக்கச் சுமார் 265 லீற்றர் கிடைக்கும். 300 லீற்றர்த் தொகுதி விற்கப் பார்ப்பவர் உங்கள் கூரையை யோசிக்கவில்லை. குளிரில் உறையாத திரவம் ஓடும் மூடிய தொகுதியை அங்கிருந்து அனுப்புவதும் வீண் செலவு.

குழாயில் பலர் தவறுவார்கள். சாதாரண வெள்ளைப் பி.வி.சி. 60 பாகைக்கு மேல் நெளிந்து பொருத்தில் கழரும். சுடுதண்ணிப் பக்கம் முழுவதும் சூடு தாங்கும் சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். குழாய் போடுங்கள். குளிர்நீர்த் தாங்கியின் அடி, சோலார்த் தாங்கியின் தலைக்கு மேலே ஒரு முழமாவது இருக்கவேண்டும். அந்த உயரந்தான் படத்தில் காட்டவேண்டிய உயரம். காற்றுப் போக்கிக் குழாய் அதற்கும் மேலே திறந்திருக்கவேண்டும். அதை அடைத்தால் நீராவி அழுத்தத்தில் தாங்கி வீங்கும். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. 304 வகை உருக்குத் தாங்கி பொருத்து ஓரங்களில் ஓட்டை விழும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வருகிற குழாயோடு இணையுங்கள், முடியாவிட்டால் 316 வகை கேளுங்கள். தாங்கிக்குப் பதிலாகத் தான் அரிந்துபோவதற்கென்று உள்ளே வைத்திருக்கும் மக்னீசியக் கோலை வருசத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். குழந்தைகளும் வயதானவர்களும் குளிக்கும் குழாய்க்கு முன்னால் சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு கட்டாயம். நல்ல வெயிலில் தாங்கித் தண்ணீர் 80 பாகையைத் தாண்டும்.

மழை நாளுக்கு மின் ஹீற்றர் சேர்த்தால் தனி வயர், மண் இணைப்பு, 30 மில்லி அம்பியர் றிப் சுவிச்சு மூன்றும் வேண்டும்.

பொருத்தும் வேலையை மாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில் முடியுங்கள். முதல் தண்ணீரை விடியற்காலையில் நிரப்புங்கள். மத்தியானம் வெறுங்குழாய் கொதித்திருக்கும்போது நிரப்பினால் கண்ணாடி வெடிக்கும். பீடத்துப் போல்ற்றுகளைச் சாந்து பூசி மறைக்கும் முன்னர் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்து, கட்டடம் அனுமதித்த படத்தின்படி இருக்கிறது என்று சபை கொடுக்கும் இணக்கச் சான்றிதழுக்குப் பார்வையிட வரும்போது, மறைந்துபோனதைக் காட்ட அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும்.