பழைய வெள்ளி நடனச் சிலை வாங்கப் போகிறீர்களா? முதலில் ஆட்டத்தைப் பாருங்கள்

பழைய வெள்ளிச் சிலை என்றதும் பலரும் நேராக வெள்ளியின் தர முத்திரைக்கும் தராசுக்கும் போய்விடுகிறார்கள். நடனச் சிலையைப் பொறுத்தவரை அது இரண்டாவது வேலை. செய்தவருக்கு ஆட்டம் தெரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் வெள்ளியில் கலப்படம் செய்ய யாராலும் முடியும், பரதத்தில் முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் நல்ல அரைமண்டியை உலோகத்தில் கொண்டுவர ஆடுகிற உடம்பைக் கூர்ந்து பார்த்த கை வேண்டும்.

சிலையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி மெதுவாகச் சுற்றுங்கள். அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். அவசரமாக வார்த்த சிலையில் முழங்கால் முன்னால் வந்து, நாற்காலியில் உட்காரப் போகிறவர் போல இருக்கும். அப்புறம் கைகள். பதாகம், கடகாமுகம், அலபத்மம் என்று ஏதாவது ஒரு கை முத்திரையாக அது படிக்கக் கிடைக்க வேண்டும். விரல்கள் ஒட்டிப்போய் ஒரு கட்டியாக இருந்தால் அது அச்சில் இருந்து எடுத்த மலிவுச் சரக்கு. பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். நல்ல பத்தர் ராக்கொடி, சடை, குஞ்சலம் வரை செதுக்கியிருப்பார்.

வயதைச் சொல்வதில் உடை பெரிய உதவி. 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் சதிர் (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) ஆடிய பெண்கள் பைஜாமாவுக்கு மேல் புடவையைச் சுற்றிக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். இன்று மேடையில் பார்க்கிற, முன்னால் விசிறி விரிகிற தைத்த உடை, கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி 1930களில் கோயில் சிற்பங்களைப் பார்த்து உடையை மாற்றி அமைத்ததற்குப் பிறகு பரவியது. எனவே விசிறி மடிப்போடு இருக்கும் வெள்ளி நடன மங்கையை 150 வருஷப் பழசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1950, 60களின் சிலை என்றாலும் நல்ல பொருள்தான், விலையை மட்டும் அதற்கேற்பப் பேசுங்கள்.

நடராஜர் என்றால் வலது கால் காலடியில் கிடக்கும் குள்ள அசுரன் முயலகன் மேல், இடது கால் தூக்கியபடி. மாறியிருந்தால் உடனே தப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம்: மதுரை வெள்ளியம்பலத்தில் அவர் கால் மாறித்தான் ஆடுகிறார், அந்த மரபில் செய்த சிலையாக இருக்கலாம். பெண் உருவமோ வேறு நிலைகளோ என்றால் கோயில்களில் உள்ள கரணச் சிற்பங்களோடு (கரணம் என்பது நாட்டிய சாஸ்திரம் சொல்லும் ஆட்ட அசைவு) ஒப்பிடுங்கள். சிதம்பரம் கோபுர வாயில்களில் 108 கரணங்களும் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் மேல்தளத்தில் 81 மட்டும் முடிந்து, மீதிக் கற்கள் செதுக்காமல் நிற்கின்றன. படங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், இது கரணத்தைப் பார்த்துச் செய்ததா, காலண்டரைப் பார்த்துச் செய்ததா என்று சட்டென்று தெரிந்துவிடும்.

சரி, இப்போது உலோகம். பழைய இந்திய வெள்ளியில் முத்திரையே இல்லாமல் இருப்பது சகஜம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் விற்ற, தெய்வ உருவங்கள் நிறைந்த 'சுவாமி' வேலைப்பாட்டுப் பொருள்களில் கடைப்பெயர் பொறித்திருப்பதுண்டு. இபிஎன்எஸ் (EPNS) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது வெறும் முலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் (BIS) முத்திரை இருந்தால் 2005க்கு முந்தையதாகச் சொல்ல முடியாது, வெள்ளிக்கு அந்த முத்திரை வந்ததே அந்த ஆண்டுதான்.

கெட்டியாக வார்த்த சிலைக்கு ஒரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். முதலில் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சமையல் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து பூஜ்யமாக்கி, சிலையை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். தராசு காட்டும் கிராமால் எடையை வகுத்தால் அடர்த்தி. 412 கிராம் சிலைக்குத் தராசு 40 காட்டினால் 10.3, அது 925 வெள்ளிக்கு (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) பக்கத்தில் வருகிறது. 48 காட்டினால் 8.6 தான், பித்தளை அல்லது வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வர். ஆனால் தட்டி எடுத்த உள்கூடான சிலை, உள்ளே அரக்கு நிரப்பிய சிலை, மரப்பீடத்தோடு சேர்ந்தது, இவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றை முக்கவே கூடாது. தேய்ந்த இடங்களில், மூக்கு நுனி, முழங்கால், பீடத்தின் விளிம்பு, முலாமுக்கு அடியில் இருந்து பித்தளையின் மஞ்சள் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள்.

காகிதம் கேளுங்கள். 100 ஆண்டு கடந்த சிலை 1972ஆம் ஆண்டின் சட்டப்படி தொல்பொருள்: பதிவு வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விற்பவர் மழுப்புகிறாரா, அடியில் பூசைக்காகப் பீடத்தில் பொருத்திய தடயம் இருக்கிறதா, அப்படியானால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். கோயிலில் இருந்து போன ஒன்றை நம் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

வாங்கிய பிறகு பலர் சிலையைக் கெடுப்பது சுத்தம் செய்யும்போதுதான். பற்பசை வேண்டாம், புளி வேண்டாம், அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீர் கண்டிப்பாக வேண்டாம். மடிப்பிலும் நகை இடுக்கிலும் தங்கிய கருப்புதான் வேலைப்பாட்டைக் கண்ணுக்குக் காட்டுகிறது, அதைக் கழுவிவிட்டால் முகம் தட்டையாகிவிடும். மென்மையான பருத்தித் துணியில் மேடான இடங்களை மட்டும் லேசாகத் துடைத்தால் போதும். வெள்ளி கருப்பதற்குக் காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் காரணம் என்பதால் ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கம்பளித் துணி எதுவும் பக்கத்தில் வர வேண்டாம். துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள், எடுக்கும்போது தூக்கிய காலையோ கையையோ பிடிக்காமல் பீடத்தைப் பிடித்து எடுங்கள். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இணைப்புகள் முதலில் விட்டுப்போவது அங்கேதான்.