கப்பல்ல ஃபார்மல் நைட்டுக்கு என்ன போடறது? நம்ம மலை வீட்டு பீரோவுல இருந்தே தயாராகலாம்

பக்கத்து லைன்ல இருக்கற அக்காவோட பையன் சிங்கப்பூர்ல வேலை பாக்குறான், அப்பா அம்மாவ நாலு நாள் க்ரூஸ் கூட்டிட்டு போறேன்னு டிக்கெட் போட்டுட்டான், அதுல ஒரு ராத்திரிக்கு மட்டும் ஃபார்மல் நைட்னு போட்டிருக்கு, அதாவது அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு நல்லா உடுத்திட்டு வரணும். அக்கா அந்த பேப்பர எடுத்துட்டு குன்னூர் மழையில நனைஞ்சுட்டே வந்து, அவருக்கு கோட்டு தைக்கணுமா, நான் கவுன் மாதிரி ஏதாவது வாங்கணுமா, பட்டுப்புடவை கட்டினா உள்ள விடமாட்டாங்களான்னு கேக்கறாங்க, முகத்துல அவ்ளோ கவலை. ரெண்டு வருஷம் முன்னாடி நாங்க அப்பா அம்மாவோட போறதுக்கு முன்னாடி எனக்கும் இதே பயம் இருந்துச்சு. அதனால அன்னைக்கு அவங்ககிட்ட உக்காந்து சொன்னத வரிசையா எழுதறேன், முதல் தடவ போறவங்க யாருக்காவது உதவும்.

முதல்லயே சொல்லிடறேன், புதுசா எதுவும் வாங்க வேண்டாம். நம்ம வீட்ல கல்யாணத்துக்கு என்ன போடுவோமோ அது கப்பல் ஃபார்மல் நைட்டுக்கு தாராளமா போதும். ஆனா நீலகிரியில, கொடைக்கானல்ல இருக்கறவங்களுக்கு வேற ஒரு வேலை இருக்கு, பீரோவுக்குள்ள மடிச்சு வச்ச அந்த நல்ல துணி மேல ஈரவாடையும் பூசணமும் ஏறியிருக்கும், அத சரி பண்ணாம அப்படியே பெட்டில போட்டுட்டு போனா கப்பல்ல போய் ஒண்ணும் பண்ண முடியாது.

ஸ்டெப் 1: டிக்கெட்ட நிதானமா படிங்க

பழைய காலத்துல அட்லாண்டிக் தாண்டி போற கப்பல்ல நாள் கணக்கா கரையே பாக்காம போவாங்க, சாயங்காலம் நல்லா உடுத்திட்டு சாப்பாட்டுக்கு வர்றதுதான் அன்னைக்கு பெரிய நிகழ்ச்சி. அந்தப் பழக்கத்தோட மிச்சம்தான் இந்த ஃபார்மல் நைட். இப்போ கம்பெனிக்கு கம்பெனி பேரும் கண்டிப்பும் மாறுது. குனார்ட் கப்பல்ல காலா ஈவ்னிங்னு சொல்லுவாங்க, சவுத்தாம்டன்ல இருந்து நியூயார்க் போற அவங்க குயின் மேரி 2 கப்பல்லதான் இந்த விஷயத்துல இன்னைக்கும் ரொம்ப கவனமா இருப்பாங்க. கார்னிவல்ல க்ரூஸ் எலிகன்ட், செலிப்ரிட்டில ஈவ்னிங் ஷிக், இதெல்லாம் கொஞ்சம் தளர்வு. நார்வீஜியன்ல ஃபார்மல் போட்டே ஆகணும்னு ராத்திரியே கிடையாது. பொதுவா 7 ராத்திரி பயணத்துல ஒண்ணோ ரெண்டோ வரும், 3, 4 ராத்திரி பயணத்துல ஒண்ணுதான், அதுவும் பெரும்பாலும் எந்த ஊர்லயும் நிக்காம கடல்லயே இருக்கற நாள்ல வைப்பாங்க.

இன்னொன்னு, நிறைய கப்பல்ல இது முக்கியமா பெரிய டைனிங் ஹாலுக்குத்தான். எனக்கு இதெல்லாம் வேண்டாம்னா அன்னைக்கு பஃபேல சாதாரண டிரஸ்லயே சாப்பிடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா போங்கன்னுதான் நான் சொல்லுவேன், எங்கம்மா அன்னைக்கு சாயங்காலம் மாடிப்படியில நின்னு எடுத்துக்கிட்ட போட்டோதான் இப்பவும் எங்க வீட்டு ஹால்ல இருக்கு.

ஸ்டெப் 2: ஒரு மாசம் முன்னாடியே துணிய வெளிய எடுங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், இதுக்கு நேரம் ஒதுக்குங்க. கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் ஜூலையில மழை, குன்னூர் கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகைதான், அதனால நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்களோ அதுக்கு ஏத்த மாதிரி வெயில் நாள பாத்து வச்சுக்கோங்க. கோட்டையும் பட்டையும் எடுத்து ஹேங்கர்ல மாட்டி காத்தோட்டமான ரூம்ல ரெண்டு மூணு நாள் விடுங்க. பட்ட நேர் வெயில்ல போடாதீங்க, நம்ம ஊர்ல குளிரா இருக்கேன்னு வெயில் வேலை செய்யாதுன்னு நினைக்காதீங்க, உயரத்துல வெயில் இன்னும் கடுமை, கலர் வெளுத்துரும். கோட்ட வேணும்னா உள்பக்கத்த வெளிய திருப்பிப் போட்டு காலை வெயில்ல அரை மணி நேரம் வைக்கலாம்.

அந்துருண்டை போட்டு வச்சிருந்தா அந்த வாடை போக ஒரு வாரமாவது ஆகும், சென்ட் அடிச்சு மறைக்கலாம்னு பாத்தா ரெண்டு வாடையும் சேந்து இன்னும் மோசமாயிரும், காத்துதான் மருந்து. கோட்டோட காலருக்கு அடியில, கக்கத்துல, பாக்கெட் ஃப்ளாப்புக்கு உள்ள வெள்ளையா பொடி மாதிரி இருக்கான்னு வெளிச்சத்துல சாச்சு பாருங்க, இருந்தா வீட்டுக்கு வெளிய கொண்டுபோய் மெத்துனு ஒரு பிரஷ்ஷால தட்டிட்டு அப்புறம் டிரை கிளீனிங் குடுங்க. டிரை கிளீனிங்குக்கு கீழ கோயம்புத்தூர் அனுப்பித்தான் வரணும்னா பத்து நாள் கூட ஆகலாம், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

ஸ்டெப் 3: பெண்களுக்கு

புடவை முழுசா ஃபார்மல் டிரஸ்தான், அதுல சந்தேகமே வேண்டாம். கவுன் போட்டு வர்றவங்க நடுவுல பட்டுப்புடவைய திரும்பிப் பாத்துட்டு போறவங்கதான் அதிகம். கனமான கல்யாணப் பட்டு எடுத்துட்டுப் போகாதீங்க, பெட்டில எடையும் ஏறும், கப்பல் லேசா ஆடும்போது மாடிப்படி ஏறி இறங்க கஷ்டம். மேட்டுப்பாளையம் இறங்கினா பக்கத்துலயே சிறுமுகை இருக்கு, அங்க நெய்யற சாஃப்ட் சில்க் மாதிரி ஒண்ணு போதும், மடிப்பு சீக்கிரம் விழாது, கட்டவும் சுலபம். மைசூர் க்ரேப்பும் நல்லாருக்கும். காட்டன் மட்டும் வேண்டாம், அது ஃபார்மல் இல்லங்கறதுக்காக இல்ல, கப்பல் கேபின்ல நாமளே இஸ்திரி போட முடியாது, அத பின்னாடி சொல்றேன்.

சாயங்காலம் டெக்குக்கு போனா காத்து முந்தானைய தூக்கிட்டு போயிரும், அதனால தோள்ல ரெண்டு பின்னு, முந்தானைய மடிப்பு வச்சு குத்திக்கோங்க. சுடிதார், அனார்கலி, லாங் ஸ்கர்ட் எல்லாமே ஓகே, துணி கொஞ்சம் பளபளப்பா துப்பட்டாவோட நல்லா தச்சதா இருந்தா சரி.

டைனிங் ஹால்ல ஏசி நல்லா இருக்கும். நம்ம குளிர் பழகினவங்கதானேன்னு எங்கம்மா சும்மா போனாங்க, அசையாம ஒன்றரை மணி நேரம் உக்காந்து சாப்பிடும்போது கை விரல் விறைச்சுப் போச்சு. ஸ்வெட்டர் அந்த இடத்துல அழகா இருக்காது, ஒரு நல்ல ஷால் எடுத்துக்கோங்க. வீட்ல தோடர் எம்ப்ராய்டரி ஷால் இருந்தா அதவிட நல்லது எதுவுமே இல்ல, வெள்ளைத் துணியில சிவப்பும் கருப்பும் மட்டும் வச்சு கையால போடற அந்த வேலைக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, கருப்பு இல்லன்னா அரக்கு கலர் புடவை மேல அத போட்டுட்டு உக்காந்தா மேஜையில இருக்கற எல்லாரும் என்ன வேலைப்பாடுன்னு கேப்பாங்க, நம்ம மலையப் பத்தி பேச ஒரு ஆரம்பமும் கிடைக்கும்.

ஸ்டெப் 4: ஆண்களுக்கு

டக்ஸீடோ, அதாவது போ டை வச்சு போடற கருப்பு கோட் சூட், வேணும்னு நிறைய பேர் பயந்துக்கறாங்க. வேண்டாம். கரு நீலம் இல்லன்னா கரும் சாம்பல் கலர்ல ஒரு கோட் சூட், வெள்ளை ஃபுல் ஹேண்ட் சட்டை, ஒரு டை, அவ்ளோதான். தளர்வான கப்பல்ல கோட்டு கூட இல்லாம பேண்ட், காலர் சட்டையே போதும். ஆனா நம்ம ஊர்ல தினமும் வேட்டி மேல போட்டுட்டு சந்தைக்கு போற அந்த பிரவுன் கம்பளி கோட்டு இருக்கே, அது இதுக்கு ஆகாது, அது பகல் கோட்டு. ஜோத்புரி கோட்டு இருந்தா டையே வேண்டாம், கழுத்து வரைக்கும் பட்டன் போட்டா முடிஞ்சது, அப்பாக்களுக்கு நான் முதல்ல சொல்றது இதத்தான்.

கோட்டுல கவனிக்க வேண்டியது: பின்பக்கம் கீழ பிளவுல எக்ஸ் மாதிரி ஒரு நூல் தச்சிருப்பாங்க, கடையில துணி கலையாம இருக்கறதுக்காக போட்டது, வீட்ல வெட்டி எடுத்துரணும். கல்யாணத்துல மாப்பிள்ளைங்க நிறைய பேர் அதோடயே நிக்கறத பாத்திருக்கேன், மனசு கேக்காது. கையில தச்சிருக்கற கம்பெனி லேபிளும் அப்படித்தான். ரெண்டு பட்டன் கோட்டுல மேல் பட்டன மட்டும் போடணும், உக்காரும்போது அதையும் கழட்டிரணும். சட்டைக் கை கோட்டுக்கு வெளிய அரை இன்ச் தெரியணும்.

டை கட்டறது இப்படி. கண்ணாடி முன்னாடி நின்னு கழுத்துல போட்டுக்கோங்க, அகல முனை உங்க வலது பக்கம், மெல்லிசு முனைய விட ஒரு அடி கீழ தொங்கணும். அகல முனைய மெல்லிசு மேல குறுக்க கொண்டு போங்க, அடியில திருப்புங்க, மறுபடி மேல ஒரு சுத்து, அப்புறம் கழுத்து வளையத்துக்குள்ள கீழ இருந்து மேல இழுத்து, முன்னாடி இப்போ ஒரு சின்ன பட்டை மாதிரி வந்திருக்கும் பாருங்க, அதுக்குள்ள மேல இருந்து கீழ விட்டு இழுங்க. முடிச்ச ஒரு கையில பிடிச்சுட்டு மெல்லிசு முனைய இழுத்தா மேல ஏறும். நுனி பெல்ட் பக்கிள்ல வந்து நிக்கணும். வரலன்னா அவுத்துட்டு அகல முனைய ஏத்தி இறக்கி திருப்பி போடுங்க, நாலு நாள் வீட்ல பழகினா கை தானா வந்துரும்.

வேட்டி கட்டலாமா? 2014-ல சென்னையில ஒரு கிளப்ல வேட்டி கட்டி வந்த ஹைகோர்ட் நீதிபதியவே உள்ள விடல, அந்த வருஷமே நம்ம சட்டசபையில வேட்டிய தடுக்கக் கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்தாங்க. அது தமிழ்நாட்டுக்குள்ள, கப்பல்ல கப்பல் கம்பெனி விதிதான். குனார்ட்ல அந்தந்த நாட்டோட ஃபார்மல் உடை போடலாம்னு தெளிவாவே சொல்லியிருக்காங்க. மத்ததுல புக் பண்ணின ஏஜென்ட்கிட்ட சொல்லி மெயில்ல கேட்டு பதில பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க. பட்டு வேட்டி, பட்டு சட்டை, அங்கவஸ்திரம்னு முழுசா போடுங்க, அரைகுறையா வேண்டாம். ஒட்டிக்கோ வேட்டியா இருந்தா டெக் காத்துக்கும் பயப்பட வேண்டாம்.

குழந்தைங்களுக்கு காலர் சட்டை, பேண்ட், இல்லன்னா பட்டுப்பாவாடை. ஷார்ட்ஸ், ரப்பர் செருப்பு, தொப்பி மட்டும் கூடாது.

ஸ்டெப் 5: ஷூவ வளைச்சுப் பாருங்க

இத தனியா எழுதறதுக்கு காரணம் எங்கப்பா. பீரோவுக்கு அடியில ஆறு வருஷமா டப்பாவுல இருந்த கருப்பு ஷூ, பாக்க புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு, பாலிஷ் போட்டு எடுத்துட்டு போனோம். ஃபார்மல் நைட் அன்னைக்கு லிஃப்ட்ல இருந்து இறங்கி கார்பெட்ல நடக்கும்போது பின்னாடி கருப்பா பிஸ்கட் தூள் மாதிரி விழுந்துட்டே வருது, என்னன்னு குனிஞ்சு பாத்தா குதிகால் பக்கம் சோல் அப்படியே உதிருது, விரல்ல எடுத்தா பிசுபிசுன்னு ஒட்டுச்சு. ரூமுக்கு திரும்பி வேற செருப்புல வர்றதுக்குள்ள அப்பா அன்னைக்கு சாப்பாட்டையே வேண்டாம்னுட்டார், சமாதானம் பண்ணி கூட்டிட்டு வர ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, பாலியூரித்தேன் சோல் ஈரக்காத்துல சும்மா கிடந்தா உள்ளுக்குள்ளயே இத்துப் போயிரும், போட்டு நடக்காம வச்சா இன்னும் சீக்கிரம். நம்ம ஊர் ஈரத்துக்கு இது ரொம்ப சாதாரணம்.

அதனால கிளம்பறதுக்கு மூணு வாரம் முன்னாடி ஷூவ கையில எடுத்து நல்லா வளைங்க, சோல் ஓரத்துல நகத்தால அழுத்திப் பாருங்க, விரிசல் விட்டாலோ பிசுக்குன்னு இருந்தாலோ அத தூக்கிப் போட்டுட்டு வேற பாருங்க. நல்லா இருந்தா தினமும் அரை மணி நேரம் வீட்டுக்குள்ள போட்டு நடங்க. தோல் மேல பூசணம் இருந்தா காஞ்ச துணியால துடைச்சு நிழல்ல ஒரு நாள் வச்சு அப்புறம் பாலிஷ் போடுங்க. பெண்கள் ஊசி ஹீல் தவிர்த்துருங்க, அகலமான ரெண்டு இன்ச் ஹீல் போதும், புடவைய அந்த செருப்பு போட்டுட்டே ஒரு தடவ கட்டிப் பாத்து உயரம் சரி பண்ணிக்கோங்க.

ஸ்டெப் 6: பெட்டி

கப்பல் கேபின்ல இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி கிடையாது, துணிக்கு ஆவி அடிக்கற ஸ்டீமரும் கூடாது, தீ பயத்தால. செக்கிங்ல எடுத்து வச்சுக்குவாங்க. சில கப்பல்ல துணி துவைக்கற ரூம்ல அவங்களே இஸ்திரி வச்சிருப்பாங்க, எல்லாத்துலயும் இல்ல. அதனால கசங்காம அடுக்கறதுதான் வழி. புடவைய பழைய மெல்லிசு வேட்டித் துணி நடுவுல வச்சு சுருட்டுங்க, ஜரிகை மேல நேரா மடிப்பு விழக் கூடாது. கோட்ட உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, ஒரு தோள இன்னொரு தோளுக்குள்ள நுழைச்சு, நடுவுல டவல் வச்சு ரெண்டா மடிங்க.

துறைமுகத்துல பெரிய பெட்டிய வாங்கிட்டு சாயங்காலம்தான் கேபின் வாசல்ல கொண்டு வந்து வைப்பாங்க. முதல் ராத்திரியே ஃபார்மல்னா நல்ல துணி உங்க கைப்பையில இருக்கட்டும். பெட்டி வந்த உடனே துணிய எடுத்து மாட்டிருங்க, நாலு ஹேங்கர் சேத்தே எடுத்துட்டு போங்க. கேபின் சுவரு பெரும்பாலும் இரும்பு, காந்தம் வச்ச கொக்கி ரெண்டு இருந்தா சுவத்துலயே மாட்டலாம். லேசான கசங்கலுக்கு குளிக்கும்போது பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் மாட்டி வைங்க, சுடுதண்ணி ஆவியில பட்டும் கோட்டும் தானா இறங்கிரும். அப்படியும் போகலன்னா காசு குடுத்து கப்பல் லாண்டரில இஸ்திரி போடலாம், முதல் நாளே குடுத்துருங்க, ஃபார்மல் நைட் அன்னைக்கு எல்லாரும் குடுப்பாங்க.

ஸ்டெப் 7: அன்னைக்கு சாயங்காலம்

சாப்பாடு ரெண்டு பந்தி மாதிரி, முதல்து ஐந்தரை ஆறு மணிக்கு, ரெண்டாவது எட்டு மணிக்கு. வயசானவங்க இருந்தா முதல்து. ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஆரம்பிங்க, கேபின் சின்னது, கண்ணாடி ஒண்ணுதான், நாங்க முதல்ல அப்பா, அப்புறம் தம்பி, கடைசில நானும் அம்மாவும்னு முறை வச்சுக்கிட்டோம். புடவை கட்ட இடம் வேணும்னா ஆம்பளைங்கள அரை மணி நேரம் டெக்குக்கு அனுப்பிருங்க. வழியெல்லாம் போட்டோக்காரங்க நிப்பாங்க, எடுத்துக்கறதுக்கு காசு இல்ல, பிரிண்ட் வாங்கினாத்தான் காசு, விலைய கேட்டுட்டு பிடிச்ச ஒண்ண மட்டும் வாங்குங்க.

வீட்டுக்கு வந்ததும் அலுப்புல பெட்டியோட விட்றாதீங்க. கீழ புழுக்கத்துல ஊறின வேர்வையும் கடல் காத்தோட உப்பும் துணியில இருக்கும், அதோட பீரோவுல வச்சா நம்ம ஈரத்துக்கு ஒரே மாசத்துல பூசணம் பூத்துரும். ரெண்டு நாள் வெளிய மாட்டி காய விட்டு, ஷூவுக்குள்ள பழைய பேப்பர சுருட்டி வச்சு, டப்பாவுல போடாம திறந்த ஷெல்ஃப்ல வைங்க, மாசத்துக்கு ஒரு தடவ எடுத்து போட்டு வீட்டுக்குள்ளயே நாலு நடை நடங்க.