மூன்று விஷயங்களுக்கு ஒரே கைதூக்கலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஆலயத்திற்கும் சங்கம் உண்டு, தமிழ்ப்பள்ளிக்கும் உண்டு. அவற்றின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் நான் அடிக்கடி பார்த்து வருந்தும் தவறு, பல விஷயங்களை ஒரே தீர்மானமாகக் கட்டி வாக்குக்கு விடுவது.

எங்கள் ஆலயக் கூட்டத்தில் ஒருமுறை இப்படி வந்தது: மண்டபக் கூரையை மாற்றுவது, அதற்குச் சேமிப்பிலிருந்து பணம் எடுப்பது, செயலவையின் தவணையை ஓராண்டிலிருந்து மூன்றாண்டாக்குவது. பால்மரம் சீவி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கூரைக்குச் சம்மதம், தவணைக்குச் சம்மதமில்லை. நான் கையைத் தூக்குவதா, வேண்டாமா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. கூரை ஒழுகுவது எல்லோருக்கும் தெரியும். அதனால் தவணையும் சேர்ந்து நிறைவேறியது.

அவருக்குரிய பதில் இருக்கிறது. அமெரிக்கரான ஹென்றி ராபர்ட் 1876இல் வெளியிட்ட கூட்ட விதிகளில் 'தீர்மானத்தைப் பிரித்தல்' என்று ஒரு வழி உண்டு. ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய, விவாதமின்றிப் பெரும்பான்மை வாக்கால் முடிவாகும். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத தீர்மானங்களைச் சேர்த்துக் கட்டியிருந்தால், ஓர் உறுப்பினர் கேட்டாலே போதும்; தலைவர் தனித்தனியாக வாக்குக்கு விட வேண்டும். ஆனால் ராபர்ட் விதிகள் இந்நாட்டுச் சட்டமல்ல. உங்கள் சங்கம் ஏற்றிருந்தால்தான் செல்லும். சங்கத்தின் சட்டவிதியே முதலில். கூட்டத்திற்கு முன்பே அதைப் புரட்டிப் பாருங்கள்.

"பிரியுங்கள்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவதும் தவறு. எந்த இடத்தில் பிரிப்பது என்று சொல்ல வேண்டும். ஒரு பகுதி தோற்றாலும் மற்றது தன்காலில் நிற்க வேண்டும். கூரையையும் பணத்தையும் பிரித்தால், கூரை தோற்று, பணம் எடுப்பது மட்டும் நிறைவேறக்கூடும், எதற்காக எடுப்பது? ஆகவே அவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கட்டும். தவணை மட்டும் தனியே. அது சட்டவிதித் திருத்தம். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை என்று சட்டவிதி சொன்னால் சாதாரணப் பெரும்பான்மை போதாது. சங்கப் பதிவிலாகாவின் ஒப்புதலும் வேண்டும்.

கேட்க வேண்டிய நேரம் வாக்கெடுப்பு தொடங்குமுன். முடிவு அறிவித்தபின் வாசலில் நின்று முணுமுணுத்துப் பயனில்லை.

நாடாளுமன்றச் செய்திகளில் வரும் 'பெலா பஹாகி' (பிரிவு) வாக்கெடுப்போடு இதைக் குழப்ப வேண்டாம். அங்கே எண்ணுவதற்காகப் பிரிக்கப்படுபவர்கள் உறுப்பினர்கள். இங்கே பிரிவது தீர்மானம்.

கடைசியாகக் கூட்டக் குறிப்பு. பிரித்து வாக்களித்துவிட்டு, "தீர்மானம் ஏற்கப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், முடிவு எனத் தனித்தனியே எழுதுங்கள். பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும். செயலாளர் அப்போது புரட்டுவது இந்தக் குறிப்பைத்தான்.